இரண்டு மாசம் அங்கே உட்கார்ந்து என்ன பண்ணப்போறே?

எனக்கு எழுதிக் கேட்டிருப்பவர் சேலத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணிதம் நடத்தும் ஆசிரியை. ஜெர்மனியில் பான் நகரத்துக் கணித ஆய்வு நிறுவனம் ஒன்று, 2 மாதம் வந்து தங்கி ஆய்வு செய்யும்படி அழைத்திருக்கிறது. "அங்கே பாடம் எடுக்க வேண்டியதில்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. பிறகு எதற்குக் கூப்பிடுகிறார்கள்? நாள் முழுக்க என்ன செய்வது? 5 வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். கூடவே சாப்பாடு, குளிர், சேலை கட்டலாமா என்று சில சின்னக் கேள்விகள். இரண்டு தடவை படித்த பிறகு உண்மையான கேள்வி நடுவில் ஒளிந்திருப்பது தெரிந்தது. "இரண்டு மாசம் அங்கே உட்கார்ந்து என்ன பண்ணப்போறே?" என்று உங்கள் மாமியார் கேட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இல்லை. உங்களுக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. தப்பில்லை, எனக்கும் இருந்தது.

நான் அரசுக் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் நடத்தி 2018இல் ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது சேலத்தின் குகைப் பகுதியில், இப்போது இருப்பது ஏற்காட்டில். இத்தாலியின் திரியெஸ்தேவில் 1998இலும் 2003இலும், ஜெர்மனியின் ஓபர்வொல்ஃபாக்கில் 2009இல் ஒரு வாரம், பெங்களூரில் ஓய்வுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இரண்டு தடவை என இதே மாதிரி ஆய்வு மையங்களில் தங்கியிருக்கிறேன். பானில் தங்கியதில்லை. ஆகவே அந்த நிறுவனத்துக்கே உரிய வழக்கங்களை அவர்கள் அனுப்பும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே நான் சொல்வது இந்த மாதிரி இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. இன்னொன்று, நான் பார்த்தது தூய கணிதத்தின் பக்கம் மட்டும். புள்ளியியல், கணினி என்று போனவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதலில் இந்த இடங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடலாம். ஓபர்வொல்ஃபாக் கருங்காட்டு மலைக்குள் 1944இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஐம்பது பேர் அளவில் வருவார்கள், ஞாயிறு வந்து சனி கிளம்பிவிடுவார்கள். கேம்பிரிட்ஜில் 1992இல் வந்த நியூட்டன் நிறுவனமும் பானில் நடப்பவையும் நீண்ட வகை, மாதக்கணக்கில் ஒரே தலைப்பு. நியூட்டன் நிறுவனத்தில் லிஃப்டுக்குள்ளும் கழிப்பறையிலும்கூடக் கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. திரியெஸ்தே மையத்தை 1964இல் பாகிஸ்தானின் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கினார். அவர் கேம்பிரிட்ஜில் படித்து முடித்து லாகூருக்குத் திரும்பி வேலை பார்த்தவர். பேசுவதற்குத் தன் துறை ஆள் ஒருவர்கூட இல்லாமல், நாட்டை விடுவதா இயற்பியலை விடுவதா என்ற நிலைக்கு வந்து, 1954இல் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போனார். மற்றவர்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றுதான், சொந்த ஊரிலேயே வேலையில் இருந்துகொண்டு சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து தங்கிப் போகும் திட்டத்தை அங்கே வைத்தார். நான் இரண்டு முறை போனது அவர் வைத்த அந்தக் கதவு வழியாகத்தான். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எண் கோட்பாட்டில் ஆய்வு செய்கிறவளுக்கு அவருடைய லாகூர் நிலைமையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நாள் முழுக்க என்ன செய்வது? ஒரு வாரப் பட்டறை என்றால் காலையும் மாலையும் உரைகள் இருக்கும், பொழுது தானாகப் போய்விடும். உங்களுடையது 2 மாதம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று உரைகள், அவ்வளவுதான். ஒரு மேசை தருவார்கள், பெரும்பாலும் அறையில் இன்னொருவரும் இருப்பார். சாவி, நூலகம், காபி எந்திரம், மாலையில் எல்லோரும் கூடும் தேநீர் நேரம். வருகைப் பதிவேடு கிடையாது. நீங்கள் வந்தீர்களா, தூங்கினீர்களா, ஆற்றங்கரையில் நடந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரத்தில் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழுவுக்குக் கோப்பு தைப்பது என்று பழகிய உடம்புக்கு இது சுகமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். முதல் நாலு நாள் சுகம்தான். அப்புறம் பயமாக இருக்கும்.

உரைகளைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். உரைகளை இன்றைக்குச் சேலத்தில் உட்கார்ந்தே காணொளியில் பார்க்கலாம். அங்கே போய்ச் செய்ய வேண்டிய வேலை தங்குவது. ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரு மனிதரை நாலாவது முறை பார்க்கும்போதுதான், "நேற்று நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்று வாய் திறந்து சொல்ல முடிகிறது. மாநாட்டில் ஒருநாள் சந்திக்கிறவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, தலையாட்டிவிட்டு அட்டை மாற்றிக்கொள்வோம். கணிதத்தில் பாதி முன்னேற்றம் அந்தப் "புரியவில்லை"யில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு, நம் பக்கத்து ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது. ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887இல். ஒரு முழு எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கணக்கில் அவர் சிலவற்றைக் கண்டார். 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதம். 9ஐ 30 விதமாகப் பிரிக்கலாம், 14ஐ 135 விதமாக. 4 அல்லது 9இல் முடியும் எண் எதை எடுத்தாலும் விடை 5ஆல் மீதியின்றி வகுபடும். 7க்கும் 11க்கும் இதே மாதிரி விதிகள் உண்டு. நிரூபணம் இருந்தது, ஆனால் ஐந்து சம பங்காக ஏன் பிரிகிறது என்று கையால் எண்ணிக் காட்ட வழி இல்லை. 1944இல் கேம்பிரிட்ஜ் மாணவர் பத்திரிகை ஒன்றில் ஃப்ரீமன் டைசன் ஒரு யோசனை எழுதினார்: ஒவ்வொரு பிரிவிலும் மிகப் பெரிய உறுப்பிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். மேலே உள்ள ஐந்துக்கும் முறையே 3, 1, 0, −1, −3 வரும். 5ஆல் வகுத்தால் மீதி 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஐந்து வேறு தொட்டிகளில் போய் விழுந்துவிட்டன பாருங்கள். இதற்கு ரேங்க் என்று பெயர் வைத்தார். 7க்கும் இது வேலை செய்யும், 11க்குச் செய்யாது. அங்கே வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கும் முன்பே அதற்குக் கிராங்க் என்று பெயர் வைக்கிறேன் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். 43 வருடம் அது பெயராகவே இருந்தது. 1987 ஜூனில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் நூற்றாண்டு மாநாடு நடந்தது. மாநாடு முடிந்த மறுநாள், ஜூன் 6ஆம் தேதி, தங்கியிருந்த மாணவர் விடுதியில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், ஃப்ராங்க் கார்வன் என்ற இரண்டு கணிதக்காரர்கள் அந்தக் கிராங்கைப் பிடித்தார்கள். உரைகள் எல்லாம் முடிந்து, மேடையைக் காலி செய்த பிறகு, விடுதியில். உங்கள் மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கணக்கு புரியாவிட்டாலும் கல்யாணத்துக்கு மறுநாள்தான் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிதில்லை. திரியெஸ்தேவில் ஒரு மதிய உணவின்போது, வடிவியல் செய்கிற ஒருவர் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். காகிதத் துடைப்பானில் மேலே சொன்ன 4இன் கணக்கை எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் கழிக்கிறீர்கள்?" என்றார். பத்து வருடமாக நானும் கழித்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கேள்வி என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரு சின்ன லெம்மா, அதாவது பெரிய நிரூபணத்துக்கு உதவும் துணை முடிவு, பிற்பாடு ஒரு கட்டுரையின் நான்காம் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஆனால் அதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் மற்றவர்கள் கட்டுரையில் ஓரிடத்தில் ஒன்றை மாற்றிப் போட்டவை. இது என்னுடையது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இதனால்தான் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். போவதற்கு முன் உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில், ஒரு சின்ன உதாரணத்தோடு, உங்கள் துறை தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பழகுங்கள். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்பது அங்கே "சாப்பிட்டாச்சா?" மாதிரி. ஒரு நாளைக்கு ஐந்து பேர் கேட்பார்கள். தலைப்பை மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடிக்காத கணக்கு ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள். முடித்ததைக் கொண்டு போனால் பாராட்டு கிடைக்கும், முடிக்காததைக் கொண்டு போனால் ஆள் கிடைப்பார்கள். உரை நிகழ்த்தச் சொன்னால் கரும்பலகையில் செய்யுங்கள், ஸ்லைடு வேண்டாம். எழுதுகிற வேகத்துக்குத்தான் கேட்கிறவர்களுக்குப் புரியும், அது முப்பது வருடம் வகுப்பெடுத்த எவருக்கும் தெரிந்தது. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். அங்கே ஆளுக்கொரு உச்சரிப்பு.

ஓபர்வொல்ஃபாக்கில் இந்தத் தங்குதலை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். துணித் துடைப்பான் வைக்கும் சின்ன உறையில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். மதியமும் இரவும் அந்த உறைகளை மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள். உங்கள் உறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ள முடியாது. நம் ஊர்ப் பந்தியில் அக்காவுக்கு இடம் பிடித்து வைக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. முதல் நாள் நான் மூன்று மேசை சுற்றியும் என் பெயரைக் காணவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு காலியாக ஒரு நாற்காலி. அங்கே இருந்த உறையில் என் அப்பா பெயர்.

விஷயம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அவர்கள் அதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அழைப்புக் கடிதமே "அன்புள்ள திரு" என்றுதான் வந்தது. அறைக்கதவிலும் அப்பா பெயர்தான். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பெரிய பெரிய கணிதக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெயர்ச் சீட்டைக் கேட்டு வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "எனக்குச் சோறு போட்டாங்களா?" என்றார்.

கட்டுரைகளுக்கும் இந்தப் பெயர் விவகாரம் முக்கியம். கணிதத்தில் சேர்ந்து எழுதும் கட்டுரையில் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். முதலில் வருபவர் அதிகம் செய்தவர் என்ற பொருளே கிடையாது. உங்கள் கல்லூரியில் மதிப்பெண் போடுகிறவர்கள் 'முதல் ஆசிரியரா?' என்று கேட்பார்கள். அவர்களுக்கு இதை எழுத்தில் விளக்க வேண்டியிருக்கும், நான் இரண்டு முறை விளக்கினேன், இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். எந்தப் பெயரில் எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். முதல் வாரம் எல்லாம் புதிது. இரண்டாம் வாரம் செவ்வாய் அல்லது புதன்கிழமை, பின்னிருக்கையில் உட்கார்ந்து ஒரு உரையில் பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒன்றும் புரியாமல் இருக்கும்போது, அழைப்பில்லாத கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தது போல் இருக்கும். தவறுதலாகக் கூப்பிட்டுவிட்டார்கள், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று தோன்றும். நான் அன்றைக்கு அறைக்குப் போய் டிக்கெட்டை முன்கூட்டியே மாற்ற முடியுமா என்று பார்த்தேன். பிறகு தெரிந்தது, அந்த அரங்கில் பாதிப் பேருக்கும் புரியவில்லை, அவர்கள் கவலைப்படவில்லை, அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் நோட்டில் வேறு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கணக்கு ஓடாது. துணி துவையுங்கள், உதாரணங்கள் போட்டுப் பாருங்கள், யாரிடமாவது போய் ஒரு கேள்வி கேளுங்கள். மூன்றாவது வாரம் தானாக நிமிரும்.

சின்னக் கல்லூரி என்பதால் மதிக்க மாட்டார்களோ என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன். மார்பில் தொங்கும் அட்டையில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பியவர்கள் உண்டு. இரண்டு பேர், மூன்று பேர் இருக்கலாம். கரும்பலகை முன்னால் நின்று பேசத் தொடங்கிய பிறகு அட்டையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒன்று மட்டும் கவனம். நம் பக்கத்தில் பதவி உயர்வுக்காகப் பணம் கட்டி வெளியிடும் இதழ்களில் கட்டுரை போடும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலை அங்கே நீட்டாதீர்கள். 30 கட்டுரையைவிட உங்களால் மனசாரப் பேச முடிகிற ஒன்று போதும்.

விடுப்பு, பணம், விசா பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவை ஆளுக்கும் வருடத்துக்கும் மாறுபவை. இதை மாநாடு என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். 2 மாத மாநாடா என்று கேட்டுக் கோப்பு அங்கேயே படுத்துவிடும். 'வருகை ஆய்வாளர்' என்று எழுதி, தேதிகளும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் உள்ள கடிதத்தை அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்கி இணையுங்கள். பங்கேற்புச் சான்றிதழ் நம் ஊரில் கேட்பார்கள், அங்கே தானாகத் தர மாட்டார்கள். கடைசி வாரம் அலுவலகத்தில் கேட்டால் ஒரு கடிதம் தருவார்கள். 1998இல் எனக்கு 5 வாரமும் சம்பளமில்லா விடுப்பாகத்தான் போனது, அதனால் ஊதிய உயர்வு தள்ளிப்போய், சரிசெய்ய நாலு வருடம் நடந்தேன். உங்கள் கல்லூரியில் எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். பயணச் செலவை அவர்கள் முழுக்கத் தராவிட்டால் தேசிய உயர் கணித வாரியம், இப்போது ஏ.என்.ஆர்.எஃப். என்று மாறியிருக்கும் பழைய எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பு, சர்வதேசக் கணித ஒன்றியத்தின் வளரும் நாடுகளுக்கான திட்டங்கள் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் விசா மையம். ஏற்காட்டுக்குப் போகாத அந்த ரயிலுக்கு அந்தப் பெயர் ஏன் என்று என் மகன் சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பான்.

மகன் என்றதும் உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை போனபோது அவனுக்கு 6 வயது. அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். போன் கார்டு வாங்கி வரிசையில் நின்று பேசிய காலம். இரண்டாம் வாரம் அவன் போனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஐந்து வாரம் கழித்து வந்தபோது முதலில் பையைத்தான் திறந்து பார்த்தான், பிறகு என்னை. இதை நினைத்து இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அதே நேரத்தில் போனதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. இரண்டும் உண்மை. உங்களுக்கு இன்று வசதி அதிகம். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. கோடை என்றால் இங்கே குழந்தை இரவு 8 மணிக்குச் சாப்பிடும்போது அங்கே மாலை நாலரை, தேநீர் நேரம். வீடியோவில் பக்கத்திலேயே இருக்கலாம். நீண்ட திட்டங்களில் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு, சில வாரம் குழந்தையும் வீட்டுக்காரரும் வந்து இருக்க முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். திரியெஸ்தேவில் என்னோடு தமிழ்நாட்டு ஆண் ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள், இருவருக்கும் சின்னக் குழந்தைகள். அவர்களிடம் யாரும் குழந்தையை எங்கே விட்டீர்கள் என்று கேட்டதில்லை. போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது, ஆனால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனபோது அறையிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. இன்றைக்கு சைவம் என்று எழுதிக் கொடுத்தால் புரிந்துகொள்கிறார்கள், அது சுவையாக இருக்கும் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. 2 மாதத்துக்கு அறையில் சமையலடுப்பு பெரும்பாலும் இருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். தாளிக்காதீர்கள். ஒரு விருந்தினர் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தேன், கூரையில் இருந்த புகைமணி அலற, மூன்று மாடியும் படியிறங்கிப் போர்வையோடு வாசலில் நின்றது. அன்றைக்குப் பழகியவர்கள் அந்த மாதம் முழுக்க நண்பர்களாக இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

குளிருக்கும் ராமானுஜன் கதையே இருக்கிறது. பிற்காலத்தில் புள்ளியியலில் பெயர் பெற்ற மகலநோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போனபோது ராத்திரியெல்லாம் குளிர்கிறது என்று சொல்லியிருக்கிறார். பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு செருகி ஒழுங்காக இருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல் மேலேயே படுத்திருந்தார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நாமும் கேட்க மாட்டோம். ஹீட்டரைத் திருகுவது எப்படி, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கடை ஏன் மூடியிருக்கிறது என்பதையெல்லாம் வந்த முதல் நாளே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்க்கச் சொல்வேன். மூன்று நாள் ஏற்காட்டுக்கு வாருங்கள். மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் ஏரிக்கரையில் நிற்க இடம் இருக்காது. ஜூலையில், வாரநாளில். அடிவாரத்தில் பேருந்து ஏறி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டினால், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறிய காபித் தோட்டங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். அறை எடுத்து, போனை அணைத்து, ஒரு நோட்டு, ஒரு முடியாத கணக்கு. முதல் நாள் தூங்குவீர்கள். இரண்டாம் நாள் மதியம் கை போனைத் தேடும், வேலை எதுவும் நடக்கவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த மதியத்தை ஒருமுறை இங்கே தாண்டிவிட்டால் பானில் அது உங்களை மிரட்டாது. சேர்வராயன் கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள், நடக்கும்போதுதான் கணக்கு நகரும். ஓபர்வொல்ஃபாக்கிலும் புதன்கிழமை மதியம் உரை கிடையாது, எல்லோரும் காட்டுக்குள் நடந்து போய்க் கேக் சாப்பிட்டு வருவார்கள். கனடாவின் பான்ஃப், அமெரிக்காவின் பெர்க்லி என்று இந்த இடங்களில் பல மலைமேல்தான் இருக்கின்றன. காக்பர்ன் கலெக்டர் காபிச் செடி கொண்டு வந்த காலத்திலிருந்து சேர்வராயன் மலையும் வெயிலுக்குத் தப்பி ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று ஏன் இல்லை என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கட்டடம் பெரிதாக வேண்டாம், நல்ல நூலகமும் நல்ல சமையல்காரரும் போதும். முதல் நாளே பொன்னாடை போர்த்தி ஆண்டறிக்கை கேட்காத ஆட்கள் கிடைத்தால் நான் காபி போட்டுத் தருகிறேன்.

கடைசியாக, சேலை. தாராளமாகக் கட்டலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், ஒன்றிரண்டு பேர் அழகாக இருக்கிறது என்பார்கள். செருப்பு மட்டும் வேண்டாம், காலுறையும் ஷூவும் வேண்டும். உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. ஓபர்வொல்ஃபாக்கில் அந்தப் புதன்கிழமை நான் சுங்குடிச் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படித்தான் மலையேறினேன், கேக் தீர்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.